உன் பெயரில் நான் கேட்ட நாற்காலி

ஆத்தா,

நம் கிளப்பின் ஆண்டு விழா மலருக்குக் கிளப்பின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆரம்பத்திலிருந்து இருப்பவர்களில் இன்னும் வாய் ஓயாதவன் நான் என்பதால் கேட்டிருப்பார்கள். நானும் நல்ல பேனாவாகப் பார்த்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, 'ஏலக்காய் மலையின் எழில்மிகு அடிவாரத்திலே' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். உன் அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, கல்யாணப் பத்திரிகை அடிக்கிறீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கிழித்துப் போட்டேன். ஊருக்கு வரலாறு எழுத எனக்கு வராது. உனக்கு ஒரு கடிதம் எழுத வரும். எழுத வேண்டிய தேவையும் இருக்கிறது.

நீ என்னோடு பேசுவதில்லை. கடையில் பேசுகிறாய், ஏலக்காயைப் பற்றி மட்டும். "இந்தக் காய் ஈரமா இருக்குப்பா, திருப்பி அனுப்பிரவா?" என்பாய். "இன்னைக்கு ரேட்டு சரியில்ல, பட்டன்ல கை வைக்க வேணாம்" என்பாய். அதோடு சரி. மாப்பிள்ளையைத் தூது விட்டுப் பார்த்தேன். "மாமா, இந்த ஊரு விவகாரத்துக்கு நான் புதுசு" என்று நழுவிவிட்டார். உன்னைக் கட்டி இத்தனை வருஷமாகியும் அவர் இன்னும் புதுசாம். பிழைக்கத் தெரிந்த மனுஷன். அதனால்தான் இந்த வழி. மலருக்கு அச்சுப் பிழை பார்ப்பது நீதான். வேறு யார் படிக்காமல் விட்டாலும், நீ எழுத்தெழுத்தாகப் படித்தே தீர வேண்டும். வியாபாரி மூளை என்று நீ திட்டினாலும் சரி, அந்த மூளைதான் உன்னைப் படிக்க வைத்தது. மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன். பொறுத்துக்கொள்.

இன்று நீ ஏலத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சத்தமில்லாமல் பட்டனைத் தட்டிக் காய் எடுக்கிறாய். எங்கள் காலத்தில் எல்லாம் வாய்தான். மலையில் சின்னத் தோட்டக்காரர்களிடம் கைப்பை அளவுக்குக் காய் வாங்கி ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்த நான், ஏல மண்டபத்தில் பெரிய மொதலாளிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்ததே என் தொண்டையை வைத்துத்தான். தட்டில் மாதிரிக் காய் சுற்றி வரும். தங்கவேல் அண்ணன், உனக்குப் பெரியப்பா முறை, மேடையில் நின்று ஒரு தரம், ரெண்டு தரம் என்று விலை கூறுவார். நாங்கள் கத்துவோம். எதிரில் எப்போதும் உன் அந்தோணி மாமா. நான் எடுக்க நினைத்த காயை அவரும், அவர் எடுக்க நினைத்ததை நானும் விலை ஏற்றிவிட்டே இரண்டு பேரும் வளர்ந்தோம் என்று சொன்னால் தப்பில்லை.

அப்படி ஒரு நாள். அடைமழை, கரண்டு போய்விட்டது, ஏலம் பாதியில் நிற்கிறது. அப்போது ஒரு ஜீப்பு டிரைவர் நனைந்துபோய் உள்ளே வந்தார். போடிமெட்டுப் பாதையில் ஒரு வளைவில் மண் சரிந்துவிட்டது, எஸ்டேட் வேலை முடிந்து இறங்கின ஜீப்புகளெல்லாம் மேலேயே நிற்கின்றன, பொம்பளைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். மண்டபமே உச்சுக் கொட்டியது. அந்தோணி எழுந்து, "என் கடைல பிஸ்கட்டு இருக்கு, ஒரு பெட்டி கொண்டாறேன்" என்றார். அதை நான் விடலாமா? "பிஸ்கட்டு பசி தாங்குமா? நான் சோறு கொண்டாறேன்" என்றேன். "அப்ப நான் சோறும் பிஸ்கட்டும்" என்றார் அவர். மேடையில் சும்மா நின்றிருந்த தங்கவேல் அண்ணனுக்குப் பழக்க தோஷம். சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டார். "சோறு, பிஸ்கட்டு, ஒரு தரம்! வேற யாரு? அய்யா, அம்புட்டுத்தானா ஒங்க ரோஷம்?" மண்டபம் சிரித்தது. எனக்கு ரோஷம் தலைக்கேறிவிட்டது. "சோறு, பிஸ்கட்டு, சரிஞ்ச மண்ணுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் தலைல சுமக்குறதும் நானே!" என்று கத்தினேன். சுத்தியல் விழுந்தது. "முடிஞ்சது தம்பி. எடுத்தது நீங்க. வெரசாக் கெளம்புங்க."

வீட்டுக்கு ஓடி வந்து உன் அம்மாவிடம், "ஏலத்துல சோறு எடுத்திருக்கேன்" என்றேன். "எம்புட்டு?" என்றாள். "ஒரு ஜீப்பு நெறைய." அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எடுத்தது சரி. வடிக்கிறதை யாரு எடுத்தது?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே அரிசியைக் களைந்தாள். தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து புளிச்சோறு கிளறினார்கள். ஏலத்தில் தோற்ற அந்தோணியும் பிஸ்கட்டுப் பெட்டியோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார், இறங்கச் சொன்னாலும் இறங்கவில்லை. முழங்கால் சேற்றில் நான் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வழுக்கி வழுக்கிப் போனதைப் பார்த்து, பசியோடிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்த சிரிப்பு அந்த மழையிலும் கேட்டது. "ஏடீ, மொதலாளி சொமக்குற லட்சணத்தைப் பாரு. எங்க கங்காணி பாத்தா கூலியை வெட்டிருவான்" என்றாள் ஒருத்தி. திரும்பி வரும்போது அந்தோணி ஜீப்பில் என் பக்கம் சாய்ந்து, "மாப்ளே, அடுத்த தரம் ஒன்னை விட மாட்டேன்" என்றார். அடுத்த தரம் என்று ஒன்று இருக்கும் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிளப்பு பிறந்தது அந்த ஜீப்பில்தான். பெயர்ப்பலகை, பதிவு, சால்வை எல்லாம் பிறகு வந்தவை.

மற்ற ஊர்களில் சேவை கிளப்புகள் தீர்மானம் போடும், ஓட்டு எடுக்கும், நன்கொடை வாங்கும். நாங்கள் ஏலம் விட்டோம். எங்களுக்குத் தெரிந்தது அதுதான். செய்ய வேண்டிய சோலியைச் சொல்வோம், யார் கூடுதலாகச் செய்வதாகக் கேட்கிறாரோ அவருக்கு அது. சீக்கிரமே சில வழக்கங்கள் வந்துவிட்டன. இந்த ஏலத்தில் காசு செல்லாது, உன் உடம்பும் உன் வண்டியும் உன் நேரமும்தான் செல்லும். கேட்டவனே செய்ய வேண்டும், கூலிக்கு ஆள் விடக்கூடாது. கேட்ட குரலைத் திரும்ப வாங்கினால், அடுத்த கூட்டத்தில் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் டீ ஊற்ற வேண்டும், டீ ஊற்றுகிறவனுக்கு அன்றைக்கு ஏலத்தில் குரல் கிடையாது. இந்தக் கடைசி வழக்கம் வெறும் பயமுறுத்தல்தான், யாரும் டீ ஊற்றியதில்லை. அத்தனை பேரும் ரோஷக்காரர்கள். அந்தோணி ஒரு தடவை காய்ச்சலோடு மலைப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு சுமந்தார். "டீ ஊத்துறதுக்கு இது தேவலை" என்று முனகிக்கொண்டே சுமந்தார்.

இப்படி வாயால் வளர்ந்த கிளப்பு வாயால் மாட்டிக்கொண்டதும் உண்டு. கண் சிகிச்சை முகாம் நடத்தினோமே, நீ அப்போது காலேஜில் இருந்தாய். மலையிலிருந்து ஆட்களைக் கூட்டி வரும் சோலி ஏலத்துக்கு வந்தது. நான் ஒரு ஜீப்பு ஆள் என்றேன், அந்தோணி ரெண்டு ஜீப்பு என்றார். வெறி பிடித்துப்போய் அரை மலையையே இறக்குவதாகக் கேட்டு நான் எடுத்துவிட்டேன். மலைக்குப் போனால் அத்தனை பேருக்கும் கண் தெளிவாக இருக்கிறது! ஏலக்காய்ச் செடியின் அடியில், இருட்டில், விளைந்த காயையும் பிஞ்சையும் பிரித்துக் கிள்ளுகிறவர்களுக்குக் கண்ணில் என்ன குறை இருக்கும்? ஒரு மலையாளத்து அம்மா, "எந்தா சாரே, எனிக்கு ஒரு கொழப்பமும் இல்லல்லோ" என்றார், தனக்கு ஒரு கோளாறும் இல்லை என்று. கேட்டது கேட்டாகிவிட்டது, டீ ஊற்ற எனக்கு இஷ்டமில்லை. மத்தியானம் பிரியாணி உண்டு என்று ஒரு வார்த்தை விட்டேன். ஜீப்பில் கால் வைக்க இடமில்லை. டாக்டர் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, இவங்க கண்ணு என் கண்ணைவிட நல்லா இருக்கு. நீங்க வேணா உக்காருங்க, பாக்குறேன்" என்றார். பிரியாணிக்காக வந்த கூட்டத்தில் ஒரே ஒரு பெரியவர் மட்டும் நிஜமாகவே புரை விழுந்து வருஷக்கணக்கில் தடவித் தடவி நடந்தவர். பிரியாணி என்ற பேச்சைக் கேட்டு ஏறியிருக்கிறார். அவருக்கு ஆபரேஷன் ஆனது. கட்டுப் பிரித்த அன்று என்னைப் பார்த்து, "பேசுறது மொதலாளிதானா? சத்தத்தைக் கேட்டு ஆறடி இருப்பீகன்னுல நெனச்சேன்" என்றார். அதிலிருந்து ஆள் கணக்கை ஏலத்தில் விடுவதில்லை என்று முடிவு செய்தோம். ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பெரியவர் அப்படிக் கேட்டதற்கு நான் எத்தனை ஜீப்பு வேண்டுமானாலும் மறுபடி ஓட்டுவேன்.

இனி உன் கதைக்கு வருகிறேன்.

கிளப்பில் பெண்களைச் சேர்க்கலாம் என்று முடிவானதும் முதலில் சேர்ந்தவர்களில் நீ ஒருத்தி. ஜீப்பு ஸ்டாண்டில் நாங்கள் கட்டிய நிழற்குடையை உனக்குக் காட்டி நான் பெருமைப்பட்டது ஞாபகம் இருக்கிறதா? உள்ளே பளபளப்பாகக் கல் பெஞ்சு, வெளியே எங்கள் பெயர்கள். நீ சுற்றிப் பார்த்துவிட்டு, "விடியக்காலம் மலை ஜீப்புக்கு வந்து நிக்கிற பொம்பளைக ஒதுங்க எங்கப்பா போவாக? ஒங்க பேரு எழுதின சுவத்துக்குப் பின்னாடியா?" என்று கேட்டாய். ராசிங்காபுரத்திலிருந்தும் சுற்றுப்பட்டிலிருந்தும் இருட்டோடு வந்து நிற்பவர்கள் அவர்கள். மலையில் அவர்கள் கிள்ளும் காயில்தான் நம் வீட்டு அடுப்பு எரிகிறது. இத்தனை வருஷத்தில் எங்கள் ஒருவர் வாயிலும் அந்தச் சோலி ஏலத்துக்கு வரவில்லை. நீ கூட்டத்தில் எழுந்து சொன்னாய். கழிப்பறை கட்டுவதற்குப் போட்டி போட்டுக்கொண்டு கேட்டோம். செங்கல் அந்தோணி, தண்ணீர்த் தொட்டி நான் என்று சீக்கிரமே கட்டி முடித்தோம். ரிப்பன் வெட்டினோம், போட்டோ எடுத்தோம். பிறகு பூட்டினோம். ஏன் பூட்டினோம்? தினமும் கழுவுகிற சோலியைத் தங்கவேல் அண்ணன் மூன்று தரம் கூறியும் மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. கூலிக்கு ஆள் விடக்கூடாது என்ற வழக்கம் வேறு. கட்டடம் பளிச்சென்று நிற்கிறது, பெண்கள் பழையபடி சுவருக்குப் பின்னால் போகிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தோணி மூட்டு வலி என்று தலைவர் நாற்காலியை விட்டார். நாற்காலிக்கு ஏலம். யார் உட்கார்ந்தாலும் அந்தப் பூட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் வாய் திறக்கவில்லை. நீ அன்று மதுரைக்கு ரயிலேறிப் போயிருந்தாய். ரெண்டு தரம் ஆகிவிட்டது. எனக்கு மௌனம் ஆகாது. "என் மக எடுத்துக்கிடுவா!" என்று கத்திவிட்டேன். தங்கவேல் அண்ணன் சுத்தியலை அந்தரத்தில் நிறுத்தினார். "தம்பி, ஆளு இல்லாமக் குரலா?" என்றார். "என் மக, என் குரலு" என்றேன். மண்டபம் கை தட்டியது. தலைக்குமேல் தொங்கிய கத்தி வேறு எங்கோ விழுந்ததில் அவர்களுக்கு நிம்மதி.

மறுநாள் நீ கடைக்கு வந்தாய். நின்றபடியே கேட்டாய். "நான் என்ன சாக்குல கட்டுன காயா, நீங்க ஏலத்துல விட? கட்டடம் கட்டுற வரைக்கும் ஆம்பளைப் பேரு. கக்கூஸ் கழுவணும்னதும் பொம்பளைப் பேரு ஞாபகம் வந்துருச்சாக்கும்?" பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாய். நான் ராத்திரி சாப்பாட்டில் இதை உன் அம்மாவிடம் குறையாகச் சொன்னேன். அவள் மோரை ஊற்றிக்கொண்டே, "எனக்கு இது புதுசு இல்ல. அன்னைக்குச் சோத்தை எடுத்தது நீங்க, வடிச்சது நான்" என்றாள். கேட்டவனே செய்ய வேண்டும் என்று ஊருக்கெல்லாம் வழக்கம் சொன்ன கிளப்பு, பிறந்த அன்றைக்கே அதை மீறிவிட்டுத்தான் பிறந்திருக்கிறது என்பது எனக்கு அந்த மோர்ச் சாதத்தில்தான் தெரிந்தது.

கோபம் வந்தால் நீ என் மாதிரி கத்துவதில்லை, அம்மா மாதிரி ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறாய். அது பெரிய பலம், விட்டுவிடாதே. எனக்கு அந்தத் திறமை இல்லை என்பதால் நான் வேறு ஒன்று செய்தேன். பூட்டுச் சாவியை வாங்கினேன். மறுநாள் விடியலில் வாளியும் பினாயிலும் எடுத்துக்கொண்டு ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனேன். போய் நின்றால், அங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தோணி! உன் அம்மா போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். "மாப்ளே, ஒன்னை மட்டும் விட்டா பேரு பூரா ஒனக்குப் போயிரும்" என்றார். இரண்டு பேருக்கும் வாழ்நாளில் பழக்கமில்லாத வேலை. பாட்டில் பினாயிலை மொத்தமாகக் கவிழ்த்துவிட்டு இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்தோம். ஜீப்புக்கு நின்றவர்களில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது கக்கூசா, ஆசுபத்திரியா? கெழவங்களா, உள்ளாற இருந்து வாசலைப் பாத்துத் தேய்ச்சுட்டு வாங்க. வாசல்ல இருந்து உள்ள போனா மிதிச்ச எடத்தையே மிதிப்பீக" என்றாள். தரையைக் கழுவுவதற்கும் ஒரு திசை உண்டு என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. இப்போது நாங்கள் முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒருநாள் நான், ஒருநாள் அந்தோணி. பெண்கள் தினமும் மார்க் போடுகிறார்கள், அந்தோணிக்குக் கூடுதலாம். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

போன வாரம் நீ கடையில் ஒரு கைக் காயை முகர்ந்துவிட்டு, "இதுல ஏதோ பினாயில் வாடை வருது, இந்த லாட் வேணாம்" என்று ஒதுக்கினாயே? காயில் இல்லை ஆத்தா, என் சட்டையில். நல்ல காயைத் திருப்பி அனுப்பிவிட்டாய். அதைச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தோணி கடையில் ஒரு மாற்றுச் சட்டை வைத்திருக்கிறேன்.

உனக்கு நான் சொல்லித் தந்ததெல்லாம் அடுத்தவன் பொருளுக்கு விலை சொல்வதுதான். அடுத்தவர் உடம்புக்கும் நேரத்துக்கும் நான் விலை சொல்லக்கூடாது என்பதை நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். ஆகவே தங்கவேல் அண்ணன் வீட்டுக்குப் போய், உன் பெயரில் கேட்ட குரலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் காதில் கையை வைத்து இரண்டு தடவை கேட்டார், நம்ப முடியவில்லை. "தம்பி, கிளப்பு ஆரம்பிச்சு முதல் தடவை. டீ ஊத்தணும்ல?" என்றார். "ஊத்துறேன்ணே" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

விழா அன்று நாற்காலி மறுபடியும் ஏலத்துக்கு வருகிறது. கழுவுகிற சோலி இனி அதோடு சேர்ந்து வராது, அதை நானும் அந்தோணியும் எடுத்தாகிவிட்டது. எடுத்தவர்களே செய்வோம், முழங்கால் மடங்குகிற வரைக்கும். அதனால் அது இப்போது வெறும் நாற்காலி. உனக்கு வேண்டுமா வேண்டாமா என்பது உன் யோசனை. வேண்டாம் என்றால் அதற்காக நான் ஒரு நாளும் முகம் தூக்க மாட்டேன், எழுத்தில் தந்துவிட்டேன், அச்சிலும் வந்துவிட்டது. வேண்டும் என்றால் ஒரே ஒரு புத்தி சொல்கிறேன். முதல் ஆளாகக் கேட்காதே. கத்துகிறவர்கள் கத்தி முடிக்கட்டும். ரெண்டு தரம் ஆனதும், மண்டபம் மூச்சு வாங்குகிற நேரத்தில், மெதுவாகச் சொல். மெதுவாகச் சொல்கிற குரலை யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. எனக்கு அது கடைசிவரை கைவரவில்லை.

அன்றைக்கு எனக்குக் குரல் கிடையாது. உனக்காகவும் கேட்க முடியாது, உன்னை எதிர்த்தும் கேட்க முடியாது. கதவோரம் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் வாழ்க்கையிலேயே ஒரு ஏலத்தில் வாய் திறக்காமல் நிற்கப் போகிறேன், நாக்கு துடிக்கும், அந்தோணி அதைப் பார்த்து ரசிப்பார். நீ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வந்து ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுப் போ. உனக்குச் சீனி கம்மி, எனக்கு ஞாபகம் இருக்கிறது. கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஊற்றுவேன்.

உன் அப்பா